ஈசானிய மூலையில் ஐந்து கிலோ காற்று

எங்கள் வீட்டு போர்வெல் பூஜையறைக்குள் இருந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன். கல்லூரியில் தோழிகள் சிரித்தார்கள். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் குடும்பத்துக்கு இதில் கூச்சமெல்லாம் போய் ரொம்ப நாளாகிறது.

எல்லாம் பெரியப்பா செய்த வேலை. அப்பாவுக்கு மூத்தவர், அண்ணனூரில் எங்களுக்குப் பக்கத்து மனையில்தான் வீடு. வாஸ்து படித்தவர் என்று சொல்லமாட்டேன், வாஸ்து பேசுகிறவர். அப்பா வீட்டுக்குக் கடைக்கால் எடுத்தபோது வந்து நின்று, தண்ணீர் என்றால் ஈசானிய மூலைதான் என்று வடகிழக்கில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போனார். அங்கேயே போர் போட்டார்கள். ஐந்தாறு வருடம் கழித்து வீட்டைப் பெரிதாக்கியபோது, பூஜையறை எங்கே வரவேண்டும் என்று அவரிடமே போய்க் கேட்டார்கள். அதுவும் ஈசானிய மூலைதான் என்றார். ஒரு வீட்டுக்கு இருப்பதே ஒரே ஒரு ஈசானிய மூலை. கொத்தனார் இரண்டு நாள் தலையைச் சொறிந்தார். பெரியப்பா அசரவில்லை.

"சாமிக்குக் காலாண்ட கங்கை கீறா. இத்தவிட உனுக்கு இன்னாடா வோணும்?"

அப்பாவுக்கு அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. போரைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே தளம் போட்டு, அலமாரியில் சாமி படங்களை ஏற்றிவிட்டார்கள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இரும்பு மூடி போட்ட குழாய் ஒன்று தரையிலிருந்து அரை அடி நீட்டிக்கொண்டிருக்கும். அம்மா வெள்ளிக்கிழமைகளில் அந்த மூடிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள். புதிதாக வருகிறவர்கள் அதுவும் ஏதோ ஒரு சாமி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள்.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில் கங்கை கைவிட்டாள். முதலில் தண்ணீரோடு மணல் வந்தது. பிறகு மணலோடு கொஞ்சம் தண்ணீர் வந்தது. ஒருநாள் காலையில், அடியில் இருந்த மோட்டார் முனகிவிட்டு நின்றே போனது. பிளம்பர் வந்தார். தலைக்கு மேலே தளம் இருந்ததால் இருபதடி பைப்பை முழுசாக வெளியே இழுக்க வழியில்லை. ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்துக் கரும்பு மாதிரி ஹாலில் அடுக்கினார். கடைசியில் மோட்டாரும் வந்தது, வாயெல்லாம் மணலோடு.

"அடியில மணல் மூடிக்கிச்சு சார். புது மோட்டார் எறக்கினாலும் இதே கதிதான். வண்டி வெச்சி ஆழப்படுத்தணும். வண்டி வரணும்னா இந்த ரூமை இடிச்சாவணும்."

சாமி அறையை இடிப்பதாவது! பெரியப்பா போட்ட சத்தத்தில் பிளம்பர் ரம்பத்தை மறந்துவிட்டுப் போனார். அன்று எங்கள் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடிக்க நினைத்திருந்தாலும் இருந்தது பாதிச் சொம்புதான்.

அதற்கப்புறம் லாரித் தண்ணீர். ஒருநாள் விட்டு ஒருநாள் தெருமுனையில் லாரி வந்து நிற்கும். அம்மா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடங்களோடு ஓடுவாள். நானும் பின்னாலேயே சின்னக் குடத்தோடு ஓடுவேன். சமையலுக்கு, குடிக்க, பாத்திரத்துக்கு என்று பிரித்தது போக, குளிக்க ஆளுக்கு அரை வாளி. முதலில் ஆபீஸ் போகும் அப்பா, பிறகு எங்களோடு இருந்த மாமா, பிறகு நான். அம்மா கடைசி. வாளியில் என்ன மிச்சமிருந்தது என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு இடுப்பைத் தாண்டிய தலைமுடி. அந்தக் கோடை முழுக்க அதை அள்ளி உச்சந்தலையில் கொண்டையாக முடிந்து, மேலே ஒரு துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"சைனஸுடி. தலைக்கு ஊத்தினா ஒத்துக்காது. தும்மித் தும்மியே உசுரு போவும்."

எனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தலைக்கு ஊற்றிவிடுவாள். கண்ணில் சீயக்காய் பட்டு நான் தெருவே கேட்க அலறுவேன். அம்மாவுக்கு வந்த சைனஸ் எனக்கும் வரக்கூடாதா என்று பூஜையறையில் நின்று, அந்த இரும்பு மூடியிடமும் சேர்த்து, மனசார வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

மே மாதம் நடுவில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். முகப்பேரில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறார், குழாயில் தண்ணீர் வருகிறது, வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே குடிபோய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ச் சாவி வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். மறுநாளே அம்மா பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கினாள்.

"மாமாவும் நம்மகூட வருவாரா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு ரூமுடி அங்க. அவனுக்கின்னா, ஆம்பள, எங்கனா இருந்துக்குவான்" என்றாள்.

மாமா அம்மாவின் தம்பி. அண்ணனூர் மின்சார ரயில் ஷெட்டில் ஃபிட்டர். எங்கள் ஹாலில்தான் பாய் விரித்துப் படுப்பார். ரயிலைப் பற்றி அவர் விடுகிற கதைகளில் பாதி உண்மை, மீதி அதைவிட நன்றாக இருக்கும். அப்பா என்னைத் திட்டினால் மாமா அப்பாவைப் பார்த்துக் கண்ணடிப்பார், அத்தோடு அப்பாவின் கோபம் போய்விடும். அந்த மாமா இல்லாத வீட்டில் குழாயில் தண்ணீர் வந்தால் என்ன, பால் வந்தால் எனக்கென்ன? ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்ணீர் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மாமா போய்விடுவார். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

மாமா சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து, சட்டைகூடக் கழற்றாமல் அப்பா முன்னால் உட்கார்ந்தார்.

"மாமா, நாம தண்ணியை மேல இழுக்கப் பாக்கறோம். இழுக்காத. கீழேந்து தள்ளு."

"எதால தள்றது?"

"காத்தால. ஒரு சின்ன டியூப்ல காத்தை அடிக்கு அனுப்பு. அது அங்கேயே குந்திக்கினு இருக்குமா? மேல வரும். வரச்சொல்ல பெரிய பைப்புல தண்ணியையும் தூக்கினு வரும். அடியில மோட்டாரே கெடையாது, மணலு எதைப் போய்க் கடிக்கும்? ரெண்டுமே வளையற ஹோஸு. தளத்தை இடிக்கவும் வாணாம், சாமியை நவுத்தவும் வாணாம். நாலாயிரம் பேரை ஏத்திக்கினு போற வண்டிய நான் டெய்லி காத்து ப்ரேக்காலதான் நிறுத்தறேன். ஒரு போரு தண்ணிக்கு வழி பண்ணமாட்டனா?"

பெரியப்பா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"காத்தால தண்ணி வர்றதா இருந்தா ஃபேன் போட்டாலே வந்திருக்குமேடா!" என்று கத்தினார்.

அப்பா பாவம், இரண்டு பக்கமும் பார்த்தார். கடைசியில், ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள், அதற்கப்புறம் நான் முகப்பேருக்குப் பஸ் ஏறிவிடுவேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி படபடவென்று எங்கள் வாசலில் வந்து நின்றது. மேலே ஒரு பழைய கம்ப்ரஸர், நீலச் சாயம் உரிந்து, வயிறு பெருத்த சிலிண்டரும் பெல்ட்டுமாக. அதைக் கட்டிப் பிடித்தபடி வெள்ளைத் தாடி வைத்த ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். பூந்தமல்லியில் டயர் கடை வைத்திருப்பவர். மாமாவின் பழைய மொபெட் அடிக்கடி பஞ்சராகி வளர்ந்த சிநேகம். மெஷினை மட்டும் கொடுங்கள் என்று மாமா கேட்டதற்கு, அது போகிற இடத்துக்கு நானும் வருவேன் என்று கூடவே வந்துவிட்டார்.

"நாளைக்கிக் காலைல கட தொறக்கறதுக்குள்ள இது என் கடைல இருந்தாவணும் தம்பி. ஒடஞ்சிது, வெச்சிது, எனக்கு சோறு கெடையாது" என்றார் இறங்கும்போதே.

போர் எங்கே என்று கேட்டார். காட்டினோம். பூஜையறை வாசலில் நின்று சாமி படங்களைப் பார்த்தார், இரும்பு மூடியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். நான் வாசல்லயே இருந்து மெஷினைப் பார்த்துக்கிறேன் என்று திரும்பினார்.

"உள்ள வாங்க பாய். தண்ணிக்காக வந்திருக்கீங்க, இதுல இன்னா இருக்குது?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, தப்பா நெனச்சிக்காத. போரு உங்க தம்பி கைல கீது, மெஷினு என் கைல கீது. ஆளுக்கொண்ணு" என்று சிரித்தார்.

காற்றுக்கான கறுப்பு ஹோஸை வாசலிலிருந்து ஹால் வழியாகப் பூஜையறைவரை நீட்டி, மாமாவும் அப்பாவும் பெரிய ஹோஸோடு சேர்த்துப் போருக்குள் விட்டார்கள். அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மணலில் முட்டி நின்றது. தண்ணீர் வரவேண்டிய பெரிய ஹோஸின் மேல்முனையில் இன்னொரு பைப்பைச் சேர்த்து, ஜன்னல் வழியாகச் சந்துக்கு எடுத்துப் போய் பாத்ரூம் தொட்டிக்குள் விட்டார்கள். சேர்த்த இடத்தில் போட கிளிப் இல்லை. மாமா சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றிக் கட்டி, யானை இழுத்தாலும் வராது என்றார். அந்தச் சைக்கிள் டியூபை மறந்துவிடாதீர்கள்.

சந்தில் போகிற பைப்பில் ஒரு வால்வு. அதன் பொறுப்பு அப்பாவுக்கு. வாசலில் கம்ப்ரஸர், பாயின் பொறுப்பு. பூஜையறையில் மாமா. ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்கவா போகிறது? கம்ப்ரஸர் ஓடினால் காதே போய்விடும். அப்போதுதான் எனக்குப் பதவி கிடைத்தது. வீட்டுக்கு வருகிற சுமங்கலிகளுக்கு வெற்றிலைபாக்கோடு வைத்துக் கொடுக்க அம்மா எடுத்துவைத்திருந்த ரவிக்கைத் துண்டுகளில் பச்சை ஒன்றும் சிவப்பு ஒன்றும் எடுத்து, இரண்டு கரண்டிக் காம்புகளில் கட்டி, மாமா என் கையில் கொடுத்தார். ஹால் நடுவில் நின்றால் பூஜையறையும் தெரியும், வாசலும் தெரியும்.

"நீதான் கார்டு. பச்சை காட்டினா பாய் காத்து விடுவாரு. நான் கையத் தூக்கினா சிவப்பு காட்டு, நிறுத்திடுவாரு. ரயில்வேயில சிவப்பைப் பாத்தா கடவுளே வந்தாலும் நிக்கணும். தெரிதா?"

தெரியாமல் என்ன? அண்ணனூரில் பிறந்த பிள்ளைக்குச் சிவப்புக் கொடியைச் சொல்லித் தர வேண்டுமா!

பச்சையைத் தூக்கினேன். கம்ப்ரஸர் டகடகடகவென்று வீட்டையே ஆட்டியது. அலமாரியில் சாமி படங்கள் ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டன. பைப் ஒரு பெரிய ஏப்பம் விட்டது. அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டார்கள், இன்னும் நாலு ஏப்பம், கொஞ்சம் சேறு நாற்றம். பெரியப்பா துவைத்த வேட்டியும் விபூதியுமாக வந்து பூஜையறையில் ஒரு ஓரமாக நின்றுகொண்டார். ஒவ்வொரு ஏப்பத்துக்கும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"ஃபேனைப் போடுடா" என்றார்.

மாமா யோசித்தார். பைப்பின் அடிவாயை மணல் அடைத்துக்கொண்டிருக்கிறது, அதை உடைக்க வேண்டும் என்றார். அதற்கு ஒரு வழி உண்டாம். அப்பா சந்தில் வால்வை மூடிவிட வேண்டும். காற்று போக வழியில்லாமல் உள்ளே இறுகும். நன்றாக இறுகியதும் அப்பா சட்டென்று திறந்துவிட, அடைப்பு பிய்த்துக்கொண்டு வரும். கம்ப்ரஸரில் காற்றழுத்தம் காட்டுகிற மீட்டர் முள் ஐந்தைத் தொடும்போது பாய் ஒரு விசில் அடிக்க வேண்டும், மாமா கையைத் தூக்குவார், நான் சிவப்பு காட்டவேண்டும்.

செய்தார்கள். ஐந்து. சிவப்பு. அப்பா திறந்தார். ஒரு கரண்டிச் சேறு வந்தது. மறுபடியும் ஐந்து, மறுபடியும் ஒரு கரண்டிச் சேறு. பத்து மணி ஆயிற்று. மாமாவின் பனியன் பிழிய நனைந்திருந்தது. பாய் வாசலிலிருந்து எழுந்து ஹாலுக்கே வந்துவிட்டார்.

"ஏன் தம்பி அஞ்சுலயே நிறுத்தறே? லாரி டயருக்கு எட்டு ஏத்தற மெஷினு இது."

"அஞ்சுக்கு மேல கூடாது பாய். ப்ரேக் பைப்புக்கு அஞ்சு கிலோதான். ஒரு முள்ளு தாண்டினா எங்க சூப்பர்வைசர் மெமோ குடுத்துடுவாரு."

"இது ரயிலா? போரு தம்பி!"

"எதுவா இருந்தா இன்னா பாய், காத்து காத்துதானே? காத்துன்னா அஞ்சு."

பதினோரு வருடம் ஷெட்டில் ஐந்து கிலோவைப் பார்த்துப் பழகிய கண். எங்கள் பூஜையறைக்குள் அவர் ஒரு ரயில் வண்டியைத்தான் நிறுத்திவைத்திருந்தார். பாய் தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அப்பா சந்திலிருந்து எட்டிப் பார்த்து, மணி என்ன என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சுரீரென்றது. முகப்பேர் பஸ்ஸுக்குத்தானே கேட்கிறார்! கடைசியாக இன்னும் ஒரே ஒரு தடவை என்று மாமா சொல்ல, அப்பா வால்வை மூட, நான் பச்சையைத் தூக்கினேன்.

அந்த நேரத்தில்தான் அம்மா அதைச் செய்தாள். ஹால் மூலையில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று தொங்கும். அதன் பக்கத்தில் அட்டைப்பெட்டிக்குள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள், எழுந்து தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தாள். கொண்டையை அவிழ்த்தாள். முடி சரிந்து விழவில்லை, கட்டியாக ஒரு பக்கமாக இறங்கியது. அதில் ஒரு கொத்தை எடுத்து மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்து, என் கண்ணில் மாட்டிக்கொண்டாள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சொந்த முடியை ஏன் மோந்து பார்க்கிறாள் இவள், என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

நின்றேன் என்றால், நின்றேபோனேன். பாய் விசில் அடித்திருக்கிறார். மாமா கையைத் தூக்கியிருக்கிறார். தூக்கிய கையை ஆட்டியிருக்கிறார், கத்தியும் இருக்கிறார். என் கையில் பச்சைத் துண்டு அப்படியே உயரத்தில் இருந்தது. பாய் சொன்ன சொல் தவறாத மனிதர். சிவப்பு காட்டும்வரை நிறுத்தக்கூடாது என்றால் நிறுத்தமாட்டார். முள் ஐந்தைத் தாண்டியது, ஆறு, ஏழு. எட்டையும் தொட்டது என்று அவர் பின்னால் சொன்னார்.

முதலில் தரைக்கு அடியில் ஏதோ உறுமியது. அடுத்த நொடி டமாரென்று ஒரு சத்தம். யானை இழுத்தாலும் வராத சைக்கிள் டியூப் காற்று இழுத்ததும் வந்துவிட்டது! பிடி கழன்ற ஹோஸ் பூஜையறைக்குள் எழுந்து நின்று ஆடி, சேற்றைக் கக்கியது. சேறு என்றால் வாளி வாளியாகச் சேறு. சாமி படங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. மாமாவுக்குக் கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை. பெரியப்பாவின் விபூதி இருந்த இடம் தெரியவில்லை, துவைத்த வேட்டி உழுத வயலாகிவிட்டது. நான் அலறிக்கொண்டு சிவப்பைத் தூக்கினேன். இனிமேல் தூக்கி என்ன!

பாய் உடனே நிறுத்தினார். பெரியப்பா வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, திட்டத் தொடங்க வாயைத் திறந்தார். மாமா அவரைக் கவனிக்கவேயில்லை. முழங்கால் போட்டுக் குழாயில் காதை வைத்தார்.

"ஐயையோ... சலசலங்குது! பாப்பா, பச்சை! பச்சை காட்டு!"

காட்டினேன். டகடகடக. ஹோஸ் இருமியது, பழுப்பாகக் கொஞ்சம் துப்பியது, மறுபடி இருமியது. பிறகு வந்தது பாருங்கள்! பால் மாதிரி வெள்ளையாக, காற்று கலந்து நுரைத்து, குபுக் குபுக்கென்று, ஒவ்வொரு குபுக்குக்கும் ஒரு குடம் நிறையும்போலத் தண்ணீர். மாமா ஹோஸை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, நடுவே நின்று, "வந்துட்டா! வந்துட்டாடா!" என்று கூவினார். அப்பா சந்திலிருந்து ஓடிவந்து, நாற்பது வயது மனிதர், பேன்ட் சட்டையோடு அந்தத் தண்ணீருக்குள் போய் நின்றார். பாய் கம்ப்ரஸரை விட்டுவிட்டு வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டுப் பூஜையறை வாசலில் கையேந்தி ஒரு கை தண்ணீரைப் பிடித்து, மாஷா அல்லா என்று முகத்தில் ஒற்றிக்கொண்டார். நான் இரண்டு கொடிகளையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு குதித்தேன். அப்படிக் குதித்ததில் கரண்டிக் காம்பு ஒன்று போய் மின்விசிறியில் பட்டது, அதைக்கூட யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா சேற்றுக்கையால் முகத்தைத் துடைத்து, துடைத்ததில் இன்னும் சேறாகி, கடைசியில் தொண்டையைக் கனைத்தார்.

"நான் அன்னிக்கே சொன்னனே, ஈசானிய மூலைன்னு. எவன் கேட்டான்?"

வெற்றி வந்தால் எல்லோருக்கும் பங்கு உண்டு. மாமாவும் அன்று முதல் ஷெட்டில், எட்டு கிலோவுக்குக் கணக்குப் போட்டுத்தான் ஏற்றினேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பாய் ஒருநாளும் மறுத்ததில்லை. என் கொடியைப் பற்றி நானும் வாயைத் திறந்ததில்லை. அந்தக் கம்ப்ரஸர் மறுநாள் பூந்தமல்லிக்குத் திரும்பவும் இல்லை. பாய் கடைக்கு வேறு ஒன்று பார்த்துக்கொண்டு, இதை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டார்.

மாமா ஹோஸை மறுபடி கட்டி, பாத்ரூம் தொட்டிக்குள் விட்டார். அதற்குள் சேதி பரவி, தெருவில் பாதிப் பேர் குடத்தோடு எங்கள் கேட்டில் நின்றார்கள். அப்பா முகப்பேருக்கு ஃபோன் போட்டு, சாவி வேண்டாம் சார் என்று கத்திக்கொண்டிருந்தார். பாய் எங்கள் தண்ணீரிலேயே கைகால் கழுவிக்கொண்டு தொழப் போயிருந்தார். மாமா கம்ப்ரஸர் பக்கத்தில் சேறு காய்ந்த முகத்தோடு, ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

சாமி படங்களைப் பார்த்தால் அம்மா கத்தப்போகிறாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பார்த்தாள், கத்தவில்லை, துடைக்கவும் இல்லை. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும் பக்கம் போனாள். கையை உள்ளே விட்டு, ஈரக்கையைப் பின்கழுத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு சமையலறைக்குப் போய் சீயக்காய் டப்பாவை எடுத்துக்கொண்டு, பாத்ரூமுக்குள் நுழைந்து தாழ் போட்டாள்.

தொபீர், தொபீர் என்று சொம்பு சொம்பாக ஊற்றுகிற சத்தம். நான் எண்ணினேன். ஐம்பது. அறுபது. அரை வாளிக்கு இத்தனை சொம்பு வராது. நூறுக்குமேல் எனக்கு எண்ணப் பொறுமையில்லை.

"யம்மா! தண்ணி வேஸ்ட்டாவுது! வெளிய ஜனங்க நிக்கறாங்க!" என்று கதவைத் தட்டினேன். பதிலுக்கும் தொபீர்தான்.

இது நியாயமில்லை என்று பட்டது. ஹோஸை எடுத்துக் குடங்களுக்கு விடவேண்டும், அதற்கு முதலில் மெஷினை நிறுத்தவேண்டும். கார்டு என்ற முறையில் வாசலுக்குப் போய் மாமாவுக்கு நேராக நின்று சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்தேன். மாமா கொடியைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். நிறுத்தவில்லை.

"மாமா, சிவப்பு!"

"தெரிது" என்றார்.

கேட்டில் நின்ற ஒரு அம்மாள், "இன்னாப்பா, எங்களுக்கு எப்பத்தான் வுடுவே?" என்றாள்.

"அக்கா தலைக்கு ஊத்திக்கினு கீது. அது வெளிய வர்ற வரிக்கும் யாருக்கும் ஒரு சொட்டு கெடையாது. வந்தப்பால ஊரே புடிச்சிக்கினு போ" என்றார் மாமா. கடவுளே வந்தாலும் சிவப்புக்கு நிற்கவேண்டும் என்று காலையில் சொன்ன அதே ரயில்வேக்காரர்.

அம்மா வெளியே வர இன்னும் ரொம்ப நேரமாயிற்று. முடியை முழுசாக விரித்துவிட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட ஹாலைக் கடந்து வாசலுக்கு வந்து வெயிலில் நின்றாள். வீடெல்லாம் சீயக்காய் வாசனை. முணுமுணுத்துக்கொண்டிருந்த பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். தண்ணீர் கேட்ட அந்த அம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து, ஈர முடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"எத்தினி நாளாச்சும்மா?" என்று கேட்டாள்.

அம்மா சிரித்தாள். எல்லாப் பெண்களும் தெரிந்த மாதிரி தலையாட்டினார்கள். மாமா வேறு பக்கம் திரும்பி, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மட்டும் ஒரே கவலை. தலைக்கு ஊற்றினால்தான் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாதே, இத்தனை தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாளே, இன்றைக்குத் தும்மித் தும்மியே ஒரு வழியாகப்போகிறாள் என்று பயந்துபோய், துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அவள் பின்னாலேயே திரிந்தேன். அம்மா தும்மவேயில்லை.